ஒரு துளி இரத்தத்தில் மூளையின் மரபணு: ஒரு நிகழ்வு ஆய்வு

மூளையில் ஒரு மரபணு இப்போது எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்று தெரிய வேண்டுமானால், பெரும்பாலான ஆய்வகங்களில் இன்றும் வழி ஒன்றுதான். விலங்கைக் கொன்று, மூளையை எடுத்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயம் ஏற்றிப் பார்ப்பது. பதில் துல்லியமாகவே கிடைக்கும். எந்தப் பகுதி, எந்த வகை நியூரான், எத்தனை செல் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த எலியிடம் நாளைக்கு இன்னொரு கேள்வி கேட்க முடியாது.

இதில் இரக்கம் ஒரு பக்கம், கணக்கு இன்னொரு பக்கம். ஒரு மருந்து கொடுத்தபின் ஐந்து வெவ்வேறு நேரங்களில் மரபணுவின் நிலையைப் பார்க்க வேண்டும், நேரத்துக்கு எட்டு எலி என்று வைத்துக்கொண்டால் 40 எலிகள் போகும். அந்த நாற்பதும் நாற்பது விதம். மருந்துக்கு முன் ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருந்தது என்பது யாருக்கும் தெரியாது, சராசரியை வைத்து ஊகிக்கிறோம். ஒரே எலியை ஐந்து முறை அளக்க முடிந்தால் எட்டே போதும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு எலிக்கும் அதன் முந்தைய அளவே ஒப்பீடாகிவிடும்.

இந்தச் சிக்கலுக்கு வந்த விடைகளில் ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்கிறேன். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜெர்சி சப்லோவ்ஸ்கியின் குழு 2024இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வெளியிட்ட முறை அது. ஆர்எம்ஏ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள், 'வெளியே விடப்படும் செயல்பாட்டு அடையாளங்கள்' என்று பொருள். யோசனை கேட்கும்போது கொஞ்சம் குறும்பாகத்தான் இருக்கிறது. மூளைக்குள் எட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, மூளையே ஒரு சீட்டு எழுதி இரத்தத்துக்கு அனுப்பட்டும், நாம் இரத்தத்தை எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

எதை அளக்கப் போகிறோம்

பேச்சு ஒரு மரபணுவைச் சுற்றியே போகும் என்பதால் அதை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். அதன் பெயர் ஃபாஸ். நியூரான் பலமாகத் தூண்டப்பட்டால் சில நிமிடங்களில் படியெடுக்கத் தொடங்கும் 'உடனடி மரபணு'க்களில் இதுதான் மிகப் பழகிய முகம். மரபணுவின் படியான எம்ஆர்என்ஏ சுமார் அரை மணியில் உச்சத்தைத் தொடும், புரதம் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில். அப்புறம் இரண்டுமே சரிந்துவிடும். 1987இல் இரண்டு தனித்தனி ஆய்வுகள் இதை விலங்கில் காட்டின. ஒன்று, வலிப்பைத் தூண்டிய எலிகளின் மூளையில் ஃபாஸ் எழுவதை. மற்றொன்று, தோலைத் தூண்டியபோது தண்டுவட நியூரான்களில் அது எழுவதை. அன்றிலிருந்து நரம்பியலில் 'எந்த நியூரான் வேலை செய்தது' என்ற கேள்விக்குக் கையடக்கமான விடை ஃபாஸ்தான்.

ஆனால் கூர்ந்து பார்த்தால், ஃபாஸ் சொல்வது நியூரான் சுட்டதா, அதாவது மின்துடிப்பு விட்டதா, இல்லையா என்பதை அல்ல. செல்லுக்குள் போன சமிக்ஞைகள் மரபணுவின் பொத்தானை அழுத்தும் அளவுக்குப் பலமாக இருந்தனவா என்பதைத்தான் அது சொல்கிறது. இந்த வேறுபாட்டைக் கையோடு வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒளியை நம்பியவர்கள் பட்ட பாடு

ஆர்எம்ஏவுக்கு முன் உயிருள்ள மூளையில் மரபணு ஒழுங்குமுறையை அளக்க யாரும் முயலவில்லை என்று நினைக்க வேண்டாம். மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ் நொதியை, கவனிக்க வேண்டிய மரபணுவை இயக்கும் பொத்தானான ஊக்கிப் பகுதிக்குப் பின்னால் ஒட்டிவிட்டால், அந்த மரபணு இயங்கும்போதெல்லாம் செல் ஒளிரும். 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பெர்1 என்ற உயிர்க்கடிகார மரபணுவை இப்படி ஒளிர வைத்து, நடமாடிக்கொண்டிருந்த எலியின் மூளையில் ஒளியிழையைச் செருகி, அது நாள்தோறும் ஏறி இறங்குவதைப் பதிவு செய்தார்கள். அழகான வேலை. ஆனால் அளந்தது ஒளியிழையின் முனை தொட்ட ஒரு புள்ளியை மட்டும்.

இழை இல்லாமல் மண்டையோட்டுக்கு வெளியே கேமரா வைத்துப் பார்க்கலாமே என்றால், அங்கேதான் தொல்லை. ஒளி திசுவில் சிதறும், இரத்தத்தின் ஹீமோகுளோபின் அதை விழுங்கும், ஆழத்திலிருந்து வருவது மங்கிவிடும். இது எல்லோரும் எதிர்பார்த்த தொல்லை. எதிர்பாராதது லூசிஃபெரினிலிருந்து வந்தது. நொதி ஒளிர வேண்டுமானால் லூசிஃபெரின் என்ற மூலப்பொருளை ஊசி வழியே கொடுக்க வேண்டும், அது மூளைக்குள் போக வேண்டும். ஆனால் மூளையின் இரத்த நாளச் சுவர்தான் காவல், இரத்த-மூளைத் தடுப்பு என்பார்கள். அதில் ஏபிசிஜி2 என்ற வெளியேற்றி இருக்கிறது, லூசிஃபெரினைக் கண்டால் பிடித்து வெளியே தள்ளும். அந்த வெளியேற்றியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் மூளையின் ஒளி கூடும். மரபணு ஒரு துளிகூட மாறியிருக்காது. போதாக்குறைக்கு, எலியை அசையாமல் வைக்கக் கொடுக்கும் மயக்க வாயுக்களே மின்மினி லூசிஃபெரேஸின் வேலையை மட்டுப்படுத்தும்.

ஆக, சோதிக்கும் மருந்து அந்த வெளியேற்றியையும் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 'மரபணு எழுந்துவிட்டது' என்று தெரியும், உண்மையில் எழுந்தது லூசிஃபெரின் மட்டும். 2018இல் வந்த அக்காலூக் என்ற நொதி-மூலப்பொருள் ஜோடி, மூளைக்குள் எளிதாகப் போகும் மூலப்பொருளையும் திசுவைக் கடக்கும் சிவப்பு ஒளியையும் கொண்டு இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைத்தது. மார்மோசெட் குரங்கின் மூளையில்கூட ஒளியைப் பார்க்க முடிந்தது. இருந்தாலும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. மூலப்பொருள் உள்ளே போக வேண்டும், ஒளி வெளியே வர வேண்டும்.

இன்னொரு பாதை பெட் ஸ்கேன். மார்ட்டினோஸ்டாட் என்ற கதிரியக்க மூலக்கூறு, மரபணுக்களைப் பூட்டி வைக்க உதவும் எச்டிஏசி நொதிகளோடு ஒட்டிக்கொள்ளும். விலங்குகளில் தொடங்கி 2016இல் எட்டு ஆரோக்கியமான மனிதர்களின் மூளையிலும் இதை அளந்தார்கள். மனிதரிலேயே செய்ய முடிகிறது என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் அது காட்டுவது பூட்டுகள் எவ்வளவு இருக்கின்றன என்பதை. எந்த அறை பூட்டியிருக்கிறது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

ஒருவரின் தொல்லை இன்னொருவரின் வாசல்

இந்த நிகழ்வில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

இரத்த-மூளைத் தடுப்பு என்றாலே உள்ளே விடாத கதவு என்றுதான் பேசுவோம். மூளை நோய்களுக்கு எதிர்ப்பான்களை, அதாவது ஆன்டிபாடிகளை, மருந்தாகக் கொடுக்க முயன்றவர்களுக்கு இரண்டாவது தலைவலியும் இருந்தது. கஷ்டப்பட்டு உள்ளே போன எதிர்ப்பானும் அங்கே தங்குவதில்லை. 2001இல் எலி மூளைக்குள் நேரடியாக எதிர்ப்பானைச் செலுத்திப் பார்த்தபோது, அதில் பாதி 48 நிமிடங்களில் இரத்தத்துக்குப் போய்விட்டது. எதிர்ப்பானின் வால் பகுதியான எஃப்சி துண்டை நிறையக் கொடுத்தால் அந்த வெளியேற்றம் தடைபட்டது, தலைப் பகுதியைக் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. அதாவது, நாளச் சுவரில் எஃப்சி வாலைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விடும் ஏற்பி ஒன்று வேலை செய்கிறது. எஃப்சிஆர்என் என்ற ஏற்பிதான் அது என்று பிந்தைய வேலைகள் சுட்டின. அமிலம் கூடிய சிறு பைகளுக்குள், சுமார் பிஎச் 6இல், எஃப்சியை இறுகப் பிடிக்கும். இரத்தத்தின் பிஎச் 7.4இல் விட்டுவிடும்.

மருந்து தயாரிப்பவர்களுக்கு இது இழப்பு. ரைஸ் குழு அதையே வாசலாக எடுத்துக்கொண்டது. காஸியா என்ற, இறால் இனத்தைச் சேர்ந்த சிறு கடலுயிரியின் லூசிஃபெரேஸை எஃப்சி வாலோடு ஒட்டினார்கள். அதை எழுத, அதாவது செல்லுக்குள் செய்ய, வேண்டிய மரபணுத் துண்டை, மரபணுவைச் சுமந்து செல்லும் ஏஏவி வைரஸில் ஏற்றி மூளையின் ஓரிடத்தில் செலுத்தினார்கள். நியூரான் புரதத்தைச் செய்து வெளியே கக்கும், நாளச் சுவர் அதை இரத்தத்தில் கொண்டுவிடும், ஒரு சிறு துளி இரத்தத்தைக் குழாயில் எடுத்து மூலப்பொருளைக் கலந்தால் ஒளி.

காஸியாவைத் தேர்ந்ததில் யோசனை இருக்கிறது. மின்மினி நொதிக்குச் செல்லின் எரிபொருளான ஏடிபி வேண்டும், செல்லுக்குள்தான் வேலை செய்யும். காஸியாவுக்கு ஏடிபி வேண்டாம், அது இயல்பிலேயே சுரந்து வெளியேறும் புரதம். அப்புறம் முக்கியமானது: வினை நடப்பது சோதனைக் குழாயில். மூலப்பொருள் மூளைக்குள் போகவே வேண்டாம், ஒளி மண்டையோட்டைத் தாண்டவும் வேண்டாம். மேலே சொன்ன வெளியேற்றிக் குழப்பமும் மயக்க வாயுக் குழப்பமும் ஒரே வீச்சில் போய்விடுகின்றன. காஸியா மட்டும் தனியாக இரத்தத்தில் இருந்தால் சுமார் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். எஃப்சி வால் ஒட்டிய பிறகு அதே ஏற்பி அதைச் சிதையாமல் காப்பாற்றி மறுபடி மறுபடி இரத்தத்தில் விடுவதால் நாள்கணக்கில் நீடிக்கும். நல்லதா கெட்டதா என்று பின்னால் பார்ப்போம்.

என்ன கிடைத்தது

மூளைக் கொள்ளளவில் சுமார் 1 சதவீதம் இருக்கும் ஒரே இடத்தில் புரதத்தை எழுத வைத்தபோது, இரத்தத்தில் ஒளி அடிமட்டத்தைவிட ஒரு லட்சம் மடங்கு வரை கூடியது. சில பத்து முதல் சில நூறு நியூரான்கள் எழுதினாலே கண்டுபிடிக்க முடிந்தது. எலி மூளையில் சுமார் ஏழு கோடி நியூரான்கள் உண்டு என்பதை நினைத்தால் இந்த உணர்திறன் அசாதாரணம்தான்.

அடுத்து ஒழுங்குமுறைச் சோதனை. புரதத்தை எப்போதும் எழுதும் ஊக்கிக்குப் பதிலாக, ஃபாஸ் எழும்போது மட்டும் எழுதும் ஏற்பாட்டைப் பொருத்தினார்கள். குறிப்பிட்ட மருந்துக்குப் பதில் தரும் செயற்கை ஏற்பி ஒன்றை நியூரான்களில் வைத்து, அந்த மருந்தைக் கொடுத்து அவற்றைத் தூண்டினார்கள். தூண்டாத எலிகளோடு ஒப்பிட்டால் இரத்த அளவு 6 மடங்குக்கு மேல்.

லட்சத்திலிருந்து ஆறுக்கு இறங்கியதைப் பார்த்து ஏமாற வேண்டாம், இரண்டும் ஒரே கேள்விக்கான எண்கள் அல்ல. முதலாவது 'இருக்கிறதா இல்லையா', இரண்டாவது 'கூடியதா'. செய்தியாக எழுதுபவர்கள் லட்சத்தைத்தான் தலைப்பில் போடுவார்கள். மரபணு ஒழுங்குமுறையில் அக்கறை உள்ளவர் பார்க்க வேண்டியது ஆறை.

அந்த ஆறு எதனால் ஆனது

ஃபாஸின் பொத்தானுக்கும் குழாயின் ஒளிக்கும் இடையே எத்தனை கைகள் மாறுகின்றன என்று எண்ணிப் பார்ப்போம்.

முதல் கையிலேயே எனக்குப் பெரிய தயக்கம். வைரஸில் ஏற்றியது ஃபாஸ் மரபணுவை அல்ல, அதன் ஊக்கியின் நகலை. ஏஏவி சுமார் 4.7 ஆயிரம் டிஎன்ஏ எழுத்துகளுக்கு மேல் சுமக்காது. ஆனால் உண்மையான ஃபாஸ் மரபணுவைச் சுற்றிப் பல ஆயிரம் எழுத்துகள் தள்ளித் தள்ளி, தொலைவிலிருந்தே அதை முடுக்கிவிடும் ஐந்து தூண்டற்பகுதிகள் இருக்கின்றன. அவற்றில் எது இயங்கும் என்பது வந்த தூண்டலைப் பொறுத்தது என்று 2016இல் காட்டப்பட்டது. ஒரு தூண்டலுக்கு ஒன்று, வேறொன்றுக்கு இன்னொன்று, சிலவற்றுக்குச் சேர்ந்து. குறுகிய நகலில் இவையெல்லாம் இருக்காது. அது குரோமோசோமில் சுருண்டு கிடக்கும் டிஎன்ஏவும் இல்லை, செல்லுக்குள் தனியே மிதக்கும் துண்டு. எச்டிஏசி போன்ற நொதிகள் உண்மை மரபணுவின் மீது போடும் பூட்டுகள் இந்தத் துண்டின் மீதும் அப்படியே விழும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆக, 'ஃபாஸ் ஒழுங்குமுறையை அளந்தோம்' என்பதைவிட, 'ஃபாஸ் ஊக்கியின் நகலுக்கு வந்து சேரும் சமிக்ஞைகளை அளந்தோம்' என்பதே நேர்மையான வாக்கியம். பல கேள்விகளுக்கு அதுவே போதும். மரபணு மீது விழும் பூட்டுகளைப் பற்றிய எபிஜெனெடிக் கேள்விகளுக்குப் போதாது.

இரண்டாவது, தூண்டிய விதம். இந்த வகைச் செயற்கை ஏற்பிகளில் நியூரானைக் கிளப்புவது ஜிக்யூ என்ற செல் சமிக்ஞைப் பாதையோடு இணைந்த வகை. அது செல்லுக்குள் கால்சியத்தை உயர்த்தும், ஃபாஸின் பொத்தானை அழுத்தும் புரதங்களையும் அந்தப் பாதையே எழுப்பும். நியூரான் சுடும் வேகம் அதிகம் மாறாமலேயே ஃபாஸ் ஏறலாம். முன்பு கையில் வைத்திருக்கச் சொன்ன வேறுபாடு இதற்குத்தான். இவ்வகை ஏற்பிகளைத் தூண்ட வழக்கமாகக் கொடுக்கும் சிஎன்ஓ மருந்து உடலில் ஓரளவு குளோசபைனாக மாறுகிறது என்று 2017இல் தெரியவந்தது. மனநோய்க்குக் கொடுக்கும் மருந்தான குளோசபைன் மூளையில் பல இடங்களைத் தொடும். செயற்கை ஏற்பி இல்லாத எலிக்கும் அதே மருந்தைக் கொடுத்துப் பார்க்காமல் இந்த மாதிரி எண்ணை முழுதாக நம்பக்கூடாது. எந்த ஆய்வகத்துக்கும் பொருந்தும் விதி இது.

தவிர, இப்படித் தூண்டுவது வெள்ளம் திறந்துவிடுவது மாதிரி. வைரஸ் போன நியூரான்கள் கூட்டமாக எழுகின்றன. ஒரு எலி புதிய கூண்டை மோந்து பார்க்கும்போது ஒரு பகுதியில் சிறு பங்கு நியூரான்கள்தான் ஃபாஸைக் காட்டும். வெள்ளத்துக்கு ஆறு மடங்கு என்றால் தூறலுக்கு எவ்வளவு? அதைத் தூறலில்தான் அளக்க வேண்டும்.

மூன்றாவது, வெளியேறும் வாசல். எஃப்சிஆர்என் எப்போதும் ஒரே வேகத்தில் வேலை செய்தால் கவலை இல்லை. வலிப்பு வந்தால் இரத்த-மூளைத் தடுப்பு கசியும், வீக்கத்திலும் கசியும். வலிப்பு நோய் எலியில் ஃபாஸ் அளக்கப் போனால், அளவு கூடியதற்கு மரபணு காரணமா கசிவு காரணமா என்று எப்படிச் சொல்வது? பழைய வெளியேற்றிக் குழப்பம் வேறு வேஷத்தில் திரும்பி வருகிறது.

தொட்டியும் மதகும்

நான்காவதற்குக் கொஞ்சம் அதிக இடம் தருகிறேன், ஏனென்றால் இந்த முறையைப் பயன்படுத்த நினைப்பவர்கள் வழுக்கி விழக்கூடிய இடம் இதுதான்.

இரத்தத்தில் இருக்கும் அளவு ஒரு தொட்டியின் நீர்மட்டம். மேலே குழாயிலிருந்து நீர் விழுகிறது, கீழே மதகு வழியே போகிறது. நமக்கு வேண்டியது குழாயின் வேகம், கையில் கிடைப்பது நீர்மட்டம். மதகு அகலமாக இருந்தால் குழாயை மூடியதும் மட்டம் சரியும், இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லும். மதகு குறுகல் என்றால் மட்டம் பழைய மழையையும் சேர்த்தே காட்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு அடையாளப் புரதம் இரத்தத்தில் பாதியாக 3 நாள் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மரபணு இன்று காலை முற்றிலும் நின்றுவிட்டாலும் நாளைக் காலை இரத்தத்தில் 79 சதவீதம் அப்படியே இருக்கும். எலிக்கு எலி இருக்கும் வேறுபாட்டில் இந்தச் சரிவு காணாமல் போய்விடும். ஃபாஸ் எழுந்து விழும் சில மணி நேர நாடகத்தை இந்தத் தொட்டியில் பார்க்க முடியாது. 'கடந்த சில நாட்களில் மொத்தம் எவ்வளவு எழுந்தது' என்பதைப் பார்க்கலாம். அதே சமயம் இந்தக் குறுகிய மதகு இல்லாவிட்டால் சில நூறு நியூரான்களின் துளிகள் சேரவே சேராது. உணர்திறனையும் நேரத் துல்லியத்தையும் ஒரே கையால் பிடிக்க முடியவில்லை. அதே குழு பிறகு இரத்தத்தில் இருக்கும் பழைய அடையாளத்தை நொதியால் வெட்டிச் செயலிழக்கச் செய்து, தொட்டியைக் காலி செய்துவிட்டு அளக்கத் தொடங்கும் வழியை முன்வைத்ததும் இதனால்தான்.

தொட்டி நிரம்புவதற்கு முன் மேலே உள்ள குழாயையும் கட்டுப்படுத்தலாம். டாக்ஸிசைக்ளின் மருந்து இருக்கும்வரை எழுதாமலும், உணவிலிருந்து அதை எடுத்தபின் மட்டும் எழுதியும் வேலை செய்யும் ஏற்பாடு ஃபாஸ் ஆய்வுகளில் 2007 முதலே புழக்கத்தில் இருக்கிறது. அதனால் கிடைக்கும் சன்னலின் அகலமும் மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில்தான்.

வகுக்கும் எண் எங்கே

ரைஸ் குழுவின் கட்டுரையிலேயே இதற்கெல்லாம் பாதி மருந்து இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரே இரத்தத் துளியில் ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளங்களைத் தனித்தனியே அளக்க முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். வெவ்வேறு மூலப்பொருள் கேட்கும் லூசிஃபெரேஸ்களை ஒரே வாலோடு ஒட்டினால் ஒன்று மற்றொன்றின் கணக்கில் தலையிடாது. பலரும் இதை 'இரண்டு மரபணுவை ஒரே நேரத்தில் பார்க்கலாம்' என்று படிப்பார்கள். நான் வேறு மாதிரி படிக்கிறேன். ஒன்றை ஃபாஸ் ஊக்கியிடம் கொடுங்கள். மற்றொன்றை எந்நேரமும் ஒரே சீராக எழுதும் ஊக்கியிடம் கொடுத்து, இரண்டையும் ஒரே இடத்தில் செலுத்துங்கள். இப்போது முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், எத்தனை செல்லுக்குள் வைரஸ் போனது, வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது, மதகு எவ்வளவு அகலம் என்ற மூன்றும் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். தடுப்பு கசிந்தால் இரண்டும் சேர்ந்து ஏறும், விகிதம் அசையாது. மரபணு எழுந்தால் விகிதம் அசையும். சீரானது என்று நாம் நம்பும் ஊக்கியும் கடும் தூண்டலில் கொஞ்சம் ஆடும் என்பதை மட்டும் தனியாகச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. இது படம் எடுக்கும் முறை அல்ல. துளியில் வந்த புரதத்தில் முகவரி எழுதியிருக்காது. எந்த இடத்திலிருந்து வந்தது என்பதற்கு ஒரே சாட்சி, நாம் வைரஸை எங்கே செலுத்தினோம் என்பது. ஊசி அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் எண் அழகாகவே வரும், தவறான இடத்தைப் பற்றி. அதனால் கடைசியில் ஒரு முறை மூளையை அறுத்துப் பார்த்தே ஆக வேண்டும். எலி தப்பிக்கவில்லை, தவணை தள்ளிப்போயிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு இந்த முறையை நான் எதற்கு எடுப்பேன் என்றால், முதலில் ஃபாஸுக்கு எடுக்க மாட்டேன். மரபணுச் சிகிச்சைக்கு எடுப்பேன். மூளையில் செலுத்திய ஒரு மரபணு ஆறு மாதம் கழித்தும் எழுதுகிறதா, மெல்ல அடங்குகிறதா என்பதை வாரம் ஒரு துளியில் பார்க்கலாம். அங்கே மாற்றம் மெதுவானது, குறுகிய மதகு தொந்தரவு செய்யாது. ஊக்கியின் நகல் என்ற ஆட்சேபமும் எழாது, ஏனென்றால் அளக்க வேண்டியதே அந்த நகலைத்தான். உடல் அந்த அந்நியப் புரதத்துக்கு எதிராகத் தானே எதிர்ப்பான் செய்யத் தொடங்கினால் இரத்த அளவு பொய்யாக விழும், நீண்ட கால ஆய்வில் அதை மட்டும் கண்காணிக்க வேண்டும்.

ஃபாஸுக்கே எடுத்தாக வேண்டும் என்பவர்களிடம் ஒன்று சொல்வேன். இரத்தம் எடுப்பதே எலிக்குப் பதற்றம். பிடிப்பதும் குத்துவதும் மூளையின் பல இடங்களில் ஃபாஸை எழுப்பும். கொன்று பார்க்கும் முறையில் இது கடைசி நிமிடச் சிக்கல் மட்டும், புரதம் எழுவதற்குள் எலி போய்விடும். இங்கே எலி உயிரோடு இருக்கிறது. திங்கட்கிழமை குத்திய ஊசியின் பதற்றம் திங்கட்கிழமைத் துளியில் இருக்காது, புதன்கிழமைத் துளியில் இருக்கும், மருந்தின் விளைவோடு கலந்து. ஆகவே தூண்டாத குழுவையும் அதே கிழமைகளில், அதே நேரத்தில், அதே கையால் பிடித்து அதே எண்ணிக்கையில் குத்த வேண்டும். முதல் அளவுக்கு முன்பே ஓரிரு வாரம் வெறுமனே பிடித்துப் பழக்கியும் விட வேண்டும்.